நூறு சொல்லை நூறாகவே விடுங்கள்

எங்கள் ஊர் வாசகசாலையின் செயலாளர் மாஷுக்கும் நிர்வாகக் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

கேரளத்துப் பாலக்காட்டு எல்லையில் இருக்கும் தமிழர்கள் நாங்கள் வாரந்தோறும் போனில் நடத்தும் நூறு சொல் கதைப் போட்டியை இந்த வருஷ வாசிப்பு வாரத்தில் வாசகசாலையே ஏற்று நடத்தலாம் என்று போன கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள். மனசாரச் சொல்கிறேன், சந்தோஷம். 2020 ஊரடங்கில் வாளையாறு, வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்டுகள் அடைத்துக் கிடந்த நாட்களில் வாசகசாலையும் பூட்டியிருந்தது. புத்தகம் மாற்ற வழியில்லாமல் போனிலேயே பேசிக்கொண்டிருந்த ஆறேழு பேர் தொடங்கியது இது. இன்றைக்கு வேலந்தாவளத்திலிருந்து கோவிந்தாபுரம் வரை எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். மூணாறு எஸ்டேட் லயங்களிலிருந்துகூடக் கதை வருகிறது. இதற்கு ஒரு கூரை கிடைக்கிறது என்றால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் தீர்மானத்தோடு சேர்த்து எழுதியிருக்கும் விதிகளைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கலப்பில்லாத தமிழில்தான் எழுத வேண்டும். நூறு சொல் போதாது, முந்நூறு ஆக்க வேண்டும். கையால் எழுதியோ டைப் செய்தோதான் தர வேண்டும். ஐம்பது ரூபாய் கட்டணம், முதல் பரிசு ஐயாயிரம். இத்தனை வருஷமாக ஞாயிறுதோறும் இந்தக் கதைகளை வாங்கி, எண்ணி, பதில் போட்டு வந்தவன் என்ற உரிமையில் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கலப்பிலிருந்து தொடங்குகிறேன். போன வருஷம் வாசிப்பு நாளான ஜூன் 19 அன்று நீங்கள் அச்சடித்துக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் எங்கள் கதை ஒன்று வந்தது. எட்டாம் வகுப்பு படிக்கும் பையன் எழுதியது. மழை கொட்டுகிறது. கலெக்டர் அவதி அறிவித்துவிட்டார் என்று தெரிந்ததும் பையன் புத்தகப் பையைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் குதிக்கிறான். அப்பாவுக்குப் பெயிண்டிங் வேலை. மூன்றாவது நாளாக வேலை இல்லை. பிரஷ் மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறிக்கொண்டே இருக்கிறது. அம்மா அரிசி டப்பாவைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மூடுகிறாள். அவன் எழுதிய கடைசி வரி: ‘அப்பாவுக்கும் அவதிதான்.’

மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை, தமிழில் துன்பம். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ‘இன்னைக்கு ஸ்கூல் அவதி’ என்று சொல்லித்தான் வளர்கிறார்கள். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தத்தையும் காதால் கேட்டு, ஒன்றைத் தனக்கும் இன்னொன்றை அப்பாவுக்கும் கொடுத்தான் பையன். உங்கள் பிரசுரத்தில் முதலில் வந்த ‘அவதி’யை ‘விடுமுறை’ என்று திருத்தி அச்சடித்திருந்தீர்கள். கலெக்டர் விடுமுறை அறிவித்தார், அப்பாவுக்கும் அவதிதான். கதை அந்த இடத்திலேயே செத்துவிட்டது. பையன் பிரசுரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம் அவன் எதுவும் அனுப்பவில்லை.

திருத்தியவர் நல்ல மனதோடுதான் திருத்தினார் என்று எனக்குத் தெரியும். உங்கள் கவலையும் தெரியும். 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைக் கோடு போட்டதிலிருந்து பஸ் போர்டு, ரேஷன் கடை, வில்லேஜ் ஆபீஸ் விண்ணப்பம் என்று எல்லாமே மலையாளத்தில் இருக்கும் ஊரில், வீட்டுக்குள் இருக்கும் தமிழாவது சுத்தமாக இருக்கட்டும் என்று நினைக்கிறீர்கள். இந்த மாநிலத்துத் தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருப்பதை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான், மாஷே. நான் போட்டோஸ்டாட் கடையில் உட்கார்ந்து தமிழ் மனுக்கள் டைப் செய்யும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

மனுவுக்கு அந்தத் தமிழ் வேண்டும், சரி. கதைக்குள் வரும் அத்தையோ தொழிலுறப்புக்குத்தான் போகிறாள். ‘நூறு நாள் வேலை’ என்று மாற்றினால் அவள் பொள்ளாச்சிக்காரி ஆகிவிடுவாள். வெள்ளம் என்றால் இங்கே குடிக்கிற தண்ணீர், அங்கே ஊரை அடித்துக்கொண்டு போகிற தண்ணீர். விஷமம் இங்கே மனவருத்தம், அங்கே சேட்டை. சம்சாரம் என்றால் இங்கே பேச்சு, அங்கே மனைவி. நூறு சொல்லில் கதை எழுதுகிறவனுக்கு ஒரு சொல் இரண்டு வேலை பார்த்தாக வேண்டும். அப்படிப்பட்ட சொற்கள் நம் வீட்டு அடுக்களையிலேயே கிடக்கின்றன. கோயம்புத்தூரில் இருப்பவருக்கும் திருச்சூரில் இருப்பவருக்கும் அது கிடையாது. அதை நாமே எடுத்து வெளியே எறியலாமா?

அடுத்தது நீளம். இது எங்கேயோ புதிதாக வந்த மோகம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். தமிழ் வார இதழ்களில் ஒரு பக்கக் கதை படித்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும். வெளிநாட்டிலும் இதற்கு வயசு உண்டு. சரியாக நூறு சொல்லில் எழுதும் கதையை ஆங்கிலத்தில் டிராபிள் என்கிறார்கள். 1980-களில் பிரிட்டனில் அறிவியல் புனைகதை ரசிகர்களிடம் தொடங்கியது அது. கலிஃபோர்னியாவில் ஒரு வார இதழ் 1987-இல் ஐம்பத்தைந்து சொல்லில் போட்டியே வைத்தது. நமக்கு நூறு என்பது தாராளம். ‘வரச்சொல்லியிருந்தாள்’ என்று தமிழில் ஒரே சொல்லாக எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு ஒரு வரி பிடிக்கும்.

எண்ணுவதில் முதலில் நாங்களும் திணறினோம். போனில் இருக்கும் கணக்கு இடைவெளியைத்தான் எண்ணும். அதைக் கண்டுபிடித்த ஒரு அண்ணன் ‘அவள்வீட்டுக்குள்போய்க்கதவைச்சாத்தினாள்’ என்று ஒட்டி ஒட்டி எழுதி, நூற்று நாற்பது சொல்லை நூறுக்குள் அடைத்து அனுப்பினார். அன்றைக்கு ராத்திரி ஒரு மணி வரை வாக்குவாதம் நடந்தது. அப்புறம் ஒரு வழி கண்டோம். ‘வந்துவிட்டாள்’, ‘போய்க்கொண்டிருந்தான்’ போலத் துணைவினை சேர்ந்தது ஒரு சொல். தனித்தனியே பொருள் தரும் இரண்டு சொல்லை ஒட்டினால் இரண்டு. எண்ணில் எழுதினாலும் எழுத்தில் எழுதினாலும் ஒன்று. தலைப்பு கணக்கில் வராது, ஆனால் மூன்று சொல்லைத் தாண்டக் கூடாது. சந்தேகம் வந்தால் எழுதியவருக்குச் சாதகமாக முடிவு. அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. இந்த விதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நூறு சொல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். அன்றைக்குக் கொடுத்த பொருள் ‘செக்போஸ்ட்’. (நாங்கள் காதல், நட்பு, பிரிவு என்றெல்லாம் தலைப்புத் தருவதில்லை. கையால் தொடக்கூடிய ஒரு பொருளோ, போய் நிற்கக்கூடிய ஓர் இடமோ தருவோம்.) இங்கே தையல் வேலை செய்யும் ஓர் அக்கா நூற்று அறுபத்து மூன்று சொல்லில் அனுப்பினார். ஊரடங்கு நேரம். மகளைக் கொடுத்தது அந்தப் பக்கம், அவளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குப் போக முடியாத அம்மா ஐந்து வகைச் சாதம் கட்டி எடுத்துக்கொண்டு தடுப்பு வரை நடக்கிறாள். போலீஸ்காரர் கேரியரை ஒவ்வோர் அடுக்காகத் திறந்து பார்க்கிறார். பிறகு நடு ரோட்டில் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போகிறார். அந்தப் பக்கத்திலிருந்து மகள் வந்து எடுத்துக்கொள்கிறாள்.

நல்ல கதை. ஆனால் கொரோனா எப்படி வந்தது என்று முதல் ஐந்து வரி, எல்லைகள் மனிதர் போட்டவை, அன்புக்கு எல்லை இல்லை என்று கடைசி மூன்று வரி. அக்கா அழுதுகொண்டேதான் அந்த எட்டு வரியையும் எடுத்தார். அப்போதும் நான்கு சொல் அதிகம். ‘மிகவும்’ இரண்டு இடத்தில் போனது, ‘மெதுவாக’ போனது, போலீஸ்காரரின் ‘காக்கி’ போனது. முடிவுக்கு இடம் இல்லாமல் போனபோதுதான், கதைக்குள்ளேயே கிடந்த ஒன்று அவர் கண்ணில் பட்டது. காலிக் கேரியர் திரும்பி வருகிறது. அம்மா வீட்டுக்கு வந்து கழுவத் திறக்கிறாள், அடித்தட்டில் இரண்டு கண்ணாடி வளையல். அதோடு கதை முடிகிறது. முந்நூறு சொல் கொடுத்திருந்தால் அந்த மூன்று வரியும் இன்றைக்கு அங்கேயே இருந்திருக்கும், வளையல் வந்திருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. தையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு அந்த அக்காவுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். நூறு சொல்லை அரை மணியில் எழுதலாம், அடுத்த நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே திருத்தலாம். முந்நூறு என்றால் ஓய்வு பெற்றவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும்தான் மிஞ்சுவார்கள்.

மூன்றாவது விதிதான் எனக்கு மிகவும் வலித்தது. எங்களில் ஒரு பாட்டி இருக்கிறார். பேச்செல்லாம் தமிழ்தான், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. எழுத்தறிவு வகுப்பு நடந்த காலத்தில் அவர் மலையாள எழுத்துத்தான் கற்றுக்கொண்டார். கேரளம் முழு எழுத்தறிவு பெற்றது என்று 1991 ஏப்ரல் 18 அன்று அறிவித்தார்களே, அந்தக் கணக்கில் இவரும் ஒருத்தர். கதையை எங்களுக்கு வாய்ஸாக அனுப்புவார், சில நேரம் மலையாள எழுத்தில் தமிழை எழுதி அனுப்புவார். நாங்கள் ஒரு சொல்லும் மாற்றாமல் தமிழில் எழுதி, அவருக்கே படித்துக் காட்டுவோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் கணுக்களில் எண்ணுவார், கைக்குப் பன்னிரண்டு. எட்டுச் சுற்று முடிந்து நான்காவது கணுவில் கட்டைவிரல் நின்றால் ‘செரி’ என்பார். என் கடைக் கம்ப்யூட்டரின் எண்ணிக்கை அவருடையதோடு மாறியதில்லை.

வாசிப்பு நாள் என்பது பி. என். பணிக்கரின் நினைவு நாள். 1945-இல் திருவிதாங்கூரில் நாற்பத்தேழு நூலகங்களைச் சேர்த்துச் சங்கம் ஆரம்பித்தவர், 1977-இல் எழுத்தறிவு வேலைக்கென்றே கான்ஃபெட் அமைப்பையும் தொடங்கினார். எழுத்து தெரியாதவர்களைத் தேடிப் போனவரின் நாளில், அந்தப் பாட்டியை எந்த வாசலில் நிற்கச் சொல்வது? சொல்லி அனுப்பும் கதையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதித் தர நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம்.

பரிசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் வேண்டாம். ஐயாயிரம் என்று போட்டால் போனில் சுற்றுகிற பழைய கதைகளைப் பெயர் மாற்றி அனுப்புவார்கள், அதைப் பிடிக்கவே நேரம் போய்விடும். பரிசு கட்டாயம் என்றால் புத்தகமாகக் கொடுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: வந்த ஒவ்வொரு கதைக்கும் இரண்டு வரிப் பதில். கதைகளில் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு மூன்று பேரிடம் கொடுப்போம். அவர்களில் ஒருவர் போன வாரம் தேர்வானவர். நன்றாக இருக்கும் ஒரு வரியைக் காட்டி ஒரு வாக்கியம், எடுக்க வேண்டிய ஒரு வரியைக் காட்டி இன்னொரு வாக்கியம் எழுத வேண்டும். ‘அருமை’ என்று மட்டும் எழுதி முடிப்பதற்கு அனுமதி இல்லை. தேர்வாகாதவர்கள் அடுத்த வாரமும் எழுதுவது அந்த இரண்டு வரிக்காகத்தான்.

ஜூன் 19-க்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று சொல்லுங்கள், நான் வருகிறேன். பையனின் கதையை அவன் எழுதியபடியே அச்செடுத்துக் கொண்டுவருகிறேன், இந்த முறை அதுவே பிரசுரத்தில் வரட்டும். பாட்டியும் வர வேண்டும் என்கிறார். தொழிலுறப்பு முடிந்து குளித்துவிட்டு வர ஐந்து மணியாகும், அதற்கு முன்னால் கூட்டத்தைத் தொடங்கிவிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
நூறு சொல் கதைக்காரர்கள் சார்பில்,
போட்டோஸ்டாட் கடைக்காரன்
பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா