ஒலியைக் கற்பிக்க ஆய்வுகூடம் எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையில், "ஆய்வுகூட வசதியற்ற தோட்டப் பாடசாலைகளில் ஒலி போன்ற பாடங்களை மனனம் செய்விப்பதைத் தவிர வேறு வழியில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியவர் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எந்தப் பாடசாலைக்குள் கால் வைத்துப் பார்த்தார்? ஆரம்பப் பிரிவிலேயே உழைத்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியை அச்சில் பார்த்ததும் நெஞ்சு எரிந்தது.

ஒலி என்றால் அதிர்வு என்று சின்னப் பிள்ளைக்குக் காட்ட என்ன வேண்டும்? தப்படிக்கும் வீட்டிலிருந்து தப்பு என்ற தோற்பறை ஒன்றை இரவல் வாங்கி, தோலின் மேல் நாலு அரிசியைப் போட்டு, ஓரத்தில் மெதுவாகத் தட்டச் சொல்வேன். அரிசி துள்ளும். உள்ளங்கையை வைத்து அழுத்தினால் அரிசியும் நிற்கும், சத்தமும் நிற்கும். அதன்பிறகு வரைவிலக்கணத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்கு முன் தப்பை ஏன் நெருப்பில் காட்டுகிறார்கள் என்று கேட்டால், அந்த வீட்டுப் பையன் எழுந்து, "ஈரத்துல தோலு தொய்ஞ்சு கெடக்கும் டீச்சர், காய்ஞ்சா இழுத்துக்கும், கணீர்னு வரும்" என்பான். இழுவிசை கூடினால் சுருதி கூடும் என்று விஞ்ஞானப் புத்தகம் சொல்வதும் இதைத்தானே?

தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்திலிருந்து தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வரும் பழைய இரும்புக் குழாயில் ஒருவன் கல்லால் தட்ட, நூறு மீற்றர் தள்ளிக் காதை ஒட்டி வைத்திருப்பவனுக்கு ஒரே தட்டு இரண்டு தரம் கேட்கும். இரும்பில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 5000 மீற்றர் ஓடுகிறது. 15 பாகை செல்சியஸ் இருக்கும் நம் குளிர்காற்றில் 340 மீற்றர்தான். கூப்பிட்ட குரல் இரண்டு செக்கனில் திரும்பி வந்தால் எதிர்மலை 340 மீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள். இந்த மலையைக் கொழும்பின் எந்த ஆய்வுகூடத்துக்குள் கொண்டுபோய் வைப்பீர்கள்?

வசதி இல்லை என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் எழுதிய வசதி அல்ல. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்று அரை நூற்றாண்டு ஆகிறது. நான் படிப்பித்த மண்டபத்தில் வகுப்புகளுக்கு இடையே ஒரு தட்டி கூடக் கிடையாது. தென்மேல் பருவமழை தகரத்தில் கொட்டத் தொடங்கினால் என் குரல் இரண்டாம் வாங்குக்கே எட்டாது. கடைசி வாங்கில் 'மந்தம்' என்று எல்லோரும் ஒதுக்கிய ஒரு பையன் இருந்தான். நூலில் கரண்டியைக் கட்டி, நூல் நுனிகளை விரல்களில் சுற்றிக் காதுக்குள் வைத்து, கரண்டியை மேசையில் இடித்துப் பார்க்கும் செயற்பாட்டில், கோயில் மணி மாதிரிக் கேட்கிறது என்று முதலில் கத்தியவன் அவன்தான். காற்றுவழி சரியாகப் போகாத ஒலி, நூல் வழியாகவும் எலும்பு வழியாகவும் உள்ளே போயிருக்கிறது. தாயைக் கூப்பிட்டுப் பேசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். காதில் நாள்பட்ட சீழ்! மனனம் செய்வித்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் மந்தமாகவே இருந்திருப்பான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பு உங்கள் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளில் வாகனம், ஆலை ஆகியவற்றோடு தப்படிப்பவரின் படத்தையும் சேர்த்து 'இரைச்சல்' என்று விடை கொடுத்திருந்தீர்கள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் 'இன்னோசை'. விடியற்காலையில் எங்கள் தாத்தா பாட்டிமாரை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு எழுப்பியதும், சாவு வீட்டில் முன்னே நடந்ததும் அந்தத் தப்புத்தான். தப்படிக்கும் வீட்டுப் பிள்ளையும் அந்த வினாத்தாளைச் செய்தான். எந்த விடையின் கீழ்க் கோடு போட்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள்? அப்போதும் எழுதினேன். பிரசுரிக்கவில்லை. கொழுந்துக் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படமோ, மண்சரிவோ, சம்பளப் பிரச்சினையோ என்றால் மட்டும் மலையகத்துக்கு முன்பக்கம் கிடைக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. மாணவர் பகுதியில் கால் பக்கம் ஒதுக்கி, லயத்தில் கிடைக்கும் பொருள்களால் செய்யக்கூடிய இந்தச் செயற்பாடுகளைப் போடுங்கள். தப்பை இசைக்கருவி என்று குறிப்பிடுங்கள். படம் வரைய ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள், எங்கள் பிள்ளைகள் வரைந்து தருவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
தலவாக்கலை.