வலை வெட்ட வருகிறோம் என்று கேட்பவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். புதுச்சேரியில் உள்ள எங்கள் டைவிங் பயிற்சி நிலையத்தின் வாட்ஸ்அப்புக்கு வரும் விசாரணைகள் கொஞ்ச காலமாகவே மாறியிருக்கின்றன. முன்பெல்லாம் "ஆமையைப் பார்க்க முடியுமா? வீடியோ எடுத்துத் தருவீர்களா?" என்பார்கள். இப்போது "கடலடியில் கிடக்கும் வலைகளை அகற்ற எங்களையும் கூட்டிப் போவீர்களா?" என்கிறார்கள். ஊழியர்களை மொத்தமாக அனுப்பி ஒருநாள் கடல் சுத்தம் செய்யச் சில நிறுவனங்களும் கேட்கின்றன. டீ-ஷர்ட் அச்சடித்துவிட்டோம், தேதி மட்டும் சொல்லுங்கள் என்றார் ஒருவர். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெரும்பாலோருக்கு இப்போதைக்கு முடியாது என்றே சொல்லி வருகிறோம். காரணத்தை போனில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் அந்த வலையைப் பற்றி. பாறைகளில் சிக்கிக் கிடப்பவற்றில் தங்கூசி வலை நிறைய. ஒற்றை இழை நைலான். மீன் கண்ணுக்குத் தெரியக் கூடாதென்றே செய்தது, டைவர் கண்ணுக்கு மட்டும் தெரிந்துவிடுமா? மக்காது. அறுந்து விழுந்த பிறகும் ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும். சிக்கிச் செத்த மீனைத் தின்ன நண்டு வரும், அதுவும் மாட்டும். அப்படிப்பட்ட வலைக்குப் பக்கத்தில் போனால் சிலிண்டர் வால்வு, ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) பக்கிள், தொங்கும் கேஜ் (காற்றின் அளவைக் காட்டும் கருவி) என்று எது வேண்டுமானாலும் சிக்கலாம். சிக்கியவர் உடனே என்ன செய்வார்? திரும்பிப் பார்ப்பார். திரும்பினால் இன்னொரு சுற்று விழும்.

வெட்டும் வேலை மெதுவானது. இருவர் வெட்டுவார்கள், மூன்றாமவர் சற்றுத் தள்ளி இருந்து காற்றையும் நேரத்தையும் கவனிப்பார். முனை மழுங்கிய கத்தரிக்கோல்தான் கத்தியைவிட உதவும். வலையைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் அதில் பின்னிப் பிணைந்து வளர்ந்த கடல் விசிறியும் (விசிறி போல விரியும் பவள இனம்) பவளமும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, சுருட்டி, பையில் திணித்துக்கொண்டே போக வேண்டும். பவளம் வலையை மூடி வளர்ந்துவிட்டிருந்தால் அந்தத் துண்டைச் சுற்றி வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவோம். உயிரோடு மாட்டியிருக்கும் நண்டை முதலில் விடுவிக்க வேண்டும். அது நன்றி சொல்லாது, விரலைத்தான் பிடிக்கும்.

கனமான வலை என்றால் காற்றுப் பையைக் கட்டி மேலே அனுப்புவோம். ஆபத்து அதில்தான் அதிகம். 10 மீட்டர் ஆழத்தில் பையில் அடைத்த காற்று, கடல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரிந்துவிடும். அதனால் பை போகப் போக வேகமெடுக்கும். கயிறு கையில் சுற்றியிருந்தால் ஆளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடலாம். டைவிங்கில் நாலு நாள் பழகியவர் கையில் இந்த வேலையை எப்படிக் கொடுப்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடலுக்குள் தெரிவதெல்லாம் கைவிடப்பட்ட வலை இல்லை. பாசி பிடிக்காமல் சுத்தமாக, மேலே மிதவையோடு நிற்கிறது என்றால் அது யாரோ விட்டுவைத்த வலை. அதை வெட்டுவது அந்த வீட்டுச் சோற்றில் கை வைப்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது கடலில் வலையே இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான், சிறிய ஃபைபர் படகுகள் போய்க்கொண்டேதான் இருக்கும். எனவே எந்த வலையைத் தொடுவதற்கு முன்பும் குப்பத்தில் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். எங்கே வலை அறுந்தது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மீனவரை வில்லனாக்கி எடுக்கும் 'கடல் காப்போம்' வீடியோக்கள் எங்களுக்கு எரிச்சலைத்தான் தருகின்றன. வலை போனால் முதல் நஷ்டம் அவருக்கு.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு மன்னார் வளைகுடாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. தொழிற்சாலைத் தேவைக்காக மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அது பவளத்தை மூடி, வெளிச்சம் படாமல் செய்துவிடும். கையால் பிய்த்து எடுக்கலாம்தான். ஆனால் உடைந்த துண்டே புதிதாக முளைக்கும். ஒன்றிரண்டு மிச்சம் வைத்தாலும் மறுபடி படரும். கவனமில்லாமல் பிய்த்தால் துண்டுகள் நீரோட்டத்தில் அடுத்த பாறைக்கும் போகும். இதற்குப் பழகிய கை வேண்டும், திரும்பத் திரும்பப் போகவும் வேண்டும்.

அப்படியானால் புதிய டைவர் என்னதான் செய்வது? மிதக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கிண்டல் இல்லை. டைவர்களால் பவளப் பாறைக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி யாரும் வேண்டுமென்று செய்வதல்ல. புதிதாக வந்தவர், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தைத் தேவைக்கு மேல் கட்டியிருப்பார். அதைச் சமாளிக்க ஜாக்கெட்டில் காற்று நிரப்புவார். இடுப்பு கீழே தொங்க, நெஞ்சு மேலே நிமிர, கால் கிட்டத்தட்ட நின்ற நிலைக்கு வந்துவிடும். அந்த நிலையில் ஃபினை அடித்தால் ஒவ்வொரு அடியும் தரையை நோக்கித்தான் போகும். நம் பக்கம் தரை மணலும் சேறும். அது கலங்கிப் பவளத்தின்மேல் படியும். அந்தத் தூசியைத் தள்ள பவள உயிரி வழுவழுப்பான சளியைச் சுரக்க வேண்டும். தின்பதற்கும் வளர்வதற்கும் வேண்டிய சக்தி அதில் போய்விடும். ஃபின் நேராகப் பட்டுவிட்டாலோ கேட்கவே வேண்டாம். குண்டுப் பவள வகைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. கால் பட்டு உடைந்த கையளவுத் துண்டு திரும்ப வளர எத்தனை வருஷம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈயத்தைக் குறைத்து, உடம்பைப் படுக்கை வாட்டத்தில் வைத்து, மூச்சை இழுத்தும் விட்டும் ஏறி இறங்கப் பழகினால் கை தானாகவே சும்மா இருக்கும். கையுறையை நாங்கள் அனுமதிக்காததும் இதனால்தான். கையுறை போட்டவர் தைரியமாக எதையாவது பிடித்துவிடுகிறார். கேமராவும் முதல் சில டைவ்களுக்கு வேண்டாம். படம் எடுப்பவர் கண் திரையில் இருக்கும், முழங்கால் பவளத்தில் இருக்கும்.

மிதக்கப் பழகியவர்களுக்கு அடுத்த வேலை, பார்ப்பதும் எழுதுவதும். எங்களைக் கேட்டால் வலை வெட்டுவதைவிட இதுதான் பெரிய வேலை. கடல் சூடாகும்போது பவளம் தன்னுள் வாழும் நுண்பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவிலும் அந்தமானிலும் அது நடந்தது. 2024 ஏப்ரலில் உலக அளவில் நான்காம் முறையாகப் பெரும் வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக அறிவித்தார்கள். செயற்கைக்கோள் கடல்மட்டத்தின் சூட்டைச் சொல்லும். எந்தப் பாறையில் எந்தப் பவளம் எவ்வளவு வெளுத்தது என்று யாராவது இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆய்வாளர்கள் சிலர்தான். வாராவாரம் அதே பாறைக்குப் போகிற டைவர்களோ நிறையப் பேர்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கிய கோரல்வாட்ச் என்ற பவளக் கண்காணிப்புத் திட்டம் இதற்கு ஒரு நிற அட்டை வைத்திருக்கிறது. நான்கு வகை நிறம், ஒவ்வொன்றிலும் ஆறு அளவு. பவளத்தின் மிக வெளிறிய இடத்துக்கும் மிக அடர்ந்த இடத்துக்கும் எதிரே அட்டையைப் பிடித்து, எந்த எண்ணோடு பொருந்துகிறதோ அதை பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுத வேண்டும். அவ்வளவுதான். 1997-இல் முதல் உலகக் கணக்கெடுப்பை நடத்திய ரீஃப் செக் என்ற அமைப்பின் முறை இன்னும் கொஞ்சம் கடினம்: 100 மீட்டர் டேப்பை விரித்து, 20 மீட்டர் பகுதிகளாக மீன்களையும் அடித்தளத்தையும் எண்ண வேண்டும். எங்கள் அந்தமான் பயணங்களில் அட்டை எப்போதும் பையில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. சன்ஸ்கிரீன் பூசுவதைவிட முழுக்கை ரேஷ்கார்டு (தண்ணீரில் போடும் இறுக்கமான சட்டை) போடுவது மேல். பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லிருந்தும் ஹவாய் 2021-லிருந்தும் பவளத்துக்குக் கேடு என்று கருதும் ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீன்களைத் தடை செய்திருக்கின்றன. அடுத்தது, பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் விசிறி எதையும் ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள். செத்த துண்டானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. உங்கள் பையில் இருந்தால் படகைத் திருப்பிவிடுவோம்.

இனி நடைமுறை. வலைக் குழுவில் சேர விரும்புவோர் ஓப்பன் வாட்டர் (டைவிங்கின் தொடக்க நிலை) சான்றிதழோடு, முதலில் எங்கள் நீச்சல்குள வகுப்புக்கு வர வேண்டும். தரையையும் சுவரையும் தொடாமல் ஒரே ஆழத்தில் நின்றுகொண்டு, கயிற்றில் கட்டிய முடிச்சுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்ட வேண்டும். அதில் தேறியவர்கள் பவளத்தைப் பார்த்து எழுதும் சில டைவ்களுக்குப் பிறகு வலைக்கு வரலாம். நிறுவனங்கள் மொத்தமாக வந்தால் கரையில் வேலை இருக்கிறது: குப்பையைப் பொறுக்கி, வகை பிரித்து, எண்ணி எழுதுவது. முந்தின நாள் எண்ணிக்கை சொல்லிவிட்டால் சாக்கும் கையுறையும் நாங்கள் தருவோம். கையுறைக்கு அங்கே தடை இல்லை. பேனர் கட்டும் இடத்தை மட்டும் குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

நீச்சல்குள வகுப்பு ஞாயிறு காலை 7 மணிக்கு. சாப்பிட்டுவிட்டு உடனே வர வேண்டாம். உங்கள் மாஸ்க் இருந்தால் எடுத்து வாருங்கள். ஃபினும் ஈயமும் இங்கே உண்டு.

இப்படிக்கு,
உங்கள் டைவிங் பயிற்சி நிலையத்தார்
புதுச்சேரி