வெளியே கூண்டு வைத்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

வளர்ப்புக் கிளிகளைத் திறந்தவெளியில் பெரிய கூண்டு கட்டி விடுவது நல்ல விஷயம்தான், பறக்க இடம் கிடைக்கிறது. ஆனால் பலரும் மெல்லிய கோழிவலையை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அதை எலி கடித்துவிடும், பாம்பு நுழைந்துவிடும், வலையைப் பற்றியபடி இருக்கும் கிளியின் காலைப் பூனை வெளியிலிருந்தே இழுத்துவிடும். ஓட்டை அரை அங்குலத்துக்கு மேல் இல்லாத, வெல்டிங் செய்த கம்பிவலைதான் வேண்டும், அதையும் சில அங்குல இடைவெளி விட்டு இரண்டு அடுக்காக அடித்தால் பூனையின் நகம் எட்டாது. மண் தரை என்றால் வலையை ஓரடி ஆழமாவது புதையுங்கள்.

இன்னொன்று, விற்பவர்கள்கூடச் சொல்வதில்லை, கட்டாயம் சொல்ல வேண்டும்: புது வலையில் துத்தநாகப் பூச்சு இருக்கும், கிளி அதைக் கொறித்து விழுங்கினால் விஷம். வினிகர் கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் உதிரும் துகள்கள் பெரும்பாலும் போய்விடும்.

அப்புறம் கதவு. கிளி தப்பிப் பறக்காமல் இருக்க, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு வைத்து, ஒன்றைச் சாத்திய பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். கூரையில் ஒரு பகுதியையாவது முழுசாக மூடுங்கள், நிழலுக்கும் மழைக்கும் மட்டுமல்ல, வெளிப் பறவைகளின் எச்சம் தீவனத்தில் விழுந்து நோய் பரவாமல் இருக்கவும்தான்.

இப்படிக்கு,
கிளி வளர்க்கும் ஒரு வாசகர்