வீட்டுக்குள் வளரும் ஃபைகஸ் செடிக்கு வெளிச்சமே முதல் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் புதுமனை புகுவிழாவுக்குச் செல்வோர் பலர் இப்போது தொட்டிச் செடிகளைப் பரிசாகக் கொடுக்கிறார்கள். வரவேற்கத்தக்க வழக்கம்தான். ஆனால் அவற்றுள் ரப்பர் செடி, பெஞ்சமினா, பிடில் போன்ற அகன்ற இலையுடைய லைராட்டா முதலிய ஃபைகஸ் செடிகள் சில மாதங்களிலேயே இலையெல்லாம் உதிர்ந்து வெறுங்குச்சியாக நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். “இது நிழலிலேயே வளரும், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்” என்று நாற்றுப் பண்ணைகளில் சொல்லி அனுப்புவதே இதற்கு முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

ஃபைகஸ் என்பது ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் இனம். பறவை எச்சத்தில் விழுந்த ஆலம்விதை பனைமரத்தின் மட்டை இடுக்கில் முளைத்து நிற்பதை நம் ஊர்த் தோட்டங்களில் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். தரையின் இருளை விட்டு உயரத்து வெளிச்சத்தில் வாழ்வைத் தொடங்கும் இயல்பு இவ்வினத்து மரங்கள் பலவற்றுக்கு உண்டு. அத்தகைய செடியைக் கூடத்தின் மூலையில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது தழைக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. வெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கும்போது, சன்னலை விட்டு விலகிய அறை மூலையில் நூறு, இருநூறு லக்ஸ்தான் கிடைக்கும். நம் கண் இருளுக்குப் பழகிவிடுவதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஓரடி உயரத்தில் கையை நீட்டிப் பார்த்தால் போதும். நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் ஃபைகஸுக்கு ஆகாது.

திசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெற்குச் சன்னலே சிறந்தது என்று குளிர்நாட்டவர் எழுதுவதை இங்கே அப்படியே பின்பற்றுகிறார்கள். கோவை 11 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சன்னலில்தான் வெயில் சாய்ந்து விழும். மார்கழியில் தெற்குச் சன்னலில் விழும். ஆண்டு முழுவதும் ஒரே இடம் போதும் என்று நினைப்பவர்களுக்குக் கிழக்குச் சன்னலையே நான் பரிந்துரைப்பேன். மேற்கு வெயில் சுடும் என்பதால் அங்கே மெல்லிய திரை வேண்டும். நடுவில் திறந்த முற்றம் உள்ள பழைய தொட்டிக்கட்டு வீடு இன்னும் இருக்கப் பெற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். முற்றத்தை ஒட்டிய ஆசாரத்தைவிட (கூடத்தைவிட) நல்ல இடம் ஃபைகஸுக்குக் கிடைக்காது.

இடம் மாறியவுடன் பெஞ்சமினா இலை உதிர்ப்பது இயல்பு. வெயிலில் உருவான இலைகளைக் கழித்துவிட்டு, குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற புதிய இலைகளை அது விடுகிறது. அந்த நேரத்தில் பதறிப்போய்த் தினமும் தண்ணீர் ஊற்றுவதும், நாளுக்கொரு மூலைக்கு மாற்றுவதும்தான் வேரை அழுகச் செய்து செடியைக் கொல்கின்றன. வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குடிக்கும் நீரும் குறைவு. அதிலும் பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் நார்க்கழிவு மலிவாகக் கிடைப்பதால் தொட்டி முழுவதையும் அதைக் கொண்டே நிரப்பிவிடுகிறார்கள். அது மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் இருக்கும். செம்மண்ணும் மணலும் மண்புழு உரமும் கலந்து, விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாதபோது மட்டும் அடித்துளையில் வடியுமளவுக்கு ஊற்றுவதே முறை. ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகும். மழைநீரோ சிறுவாணித் தண்ணீரோ கிடைப்பவர்கள் அதை ஊற்றலாம்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது சன்னலோரச் செடியின் இலைகளில் புழுதி படிந்து வெளிச்சத்தை மறைக்கும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடைத்தால் மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் தொடக்கத்திலேயே கண்ணில் பட்டுவிடும். குளிர்சாதனக் காற்று நேரே படும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். கிளையைக் கிள்ளும்போது வரும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறை நல்லது. நாயோ பூனையோ இலையைக் கடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாற்றுப் பண்ணையினர் செடியோடு, அது எந்த அளவு வெளிச்சத்தில் வளர்ந்தது, வீட்டில் எந்தச் சன்னலருகே வைக்கலாம் என்று எழுதிய சிறு அட்டை ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெருந்துறை.