மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்காவுக்கு ஒரு பிராந்திய நிருபரின் கடிதம்

அன்புள்ள அக்கா,

ஹட்டன் பஸ் நிலையத்தில் நீங்கள் என்னிடம் கேட்டதை உங்களுடைய சொற்களிலேயே எழுதுகிறேன்: "எழுதிக்கிட்டுப் போனீங்க, படமெல்லாம் எடுத்தீங்க, பேப்பர்ல ஒண்ணும் வரலியே தம்பி, தொர பக்கம் சாஞ்சிட்டீங்களா?" அரை நாள் சம்பளம் பற்றி நீங்கள் சொன்னது செய்தியாக வராததற்கு, நான் தோட்ட முகாமையாளரான துரையின் பக்கம் சாய்ந்ததுதான் காரணமா என்பது உங்கள் சந்தேகம். மஸ்கெலியா பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல அவகாசம் இருக்கவில்லை. தோட்டத்துக்கு வந்து தனியாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியை டிக்கோயாவிலும் நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் என்னிடமும் என் சக நிருபர்களிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். நிருபரின் பிழைப்பைப் பற்றி எழுதப் பத்திரிகையில் இடம் கிடையாது என்பதால் இங்கே எழுதுகிறேன். உங்கள் மகள் கைபேசியில் வாசித்துக் காட்டுவாள் என்று நம்புகிறேன்.

உங்கள் செய்தி பத்திரிகையில் வந்தது, அக்கா. உள்பக்கம் ஒன்றின் அடியில், மூலிகை எண்ணெய் விளம்பரத்துக்கு மேலே, சில வரிகளில் வந்தது. "மஸ்கெலியா பகுதித் தோட்டமொன்றில் தொழிலாளர்கள் அரை நாள் சம்பளம் வழங்கப்படுவதாக விசனம் தெரிவிக்கின்றனர்" என்பதோடு அது முடிந்துவிட்டது. நான் அனுப்பியதில் இன்னும் நிறைய இருந்தது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிறகு, தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தம் நடைமுறையில் இல்லாமல் போனதைப் பயன்படுத்திப் பல தோட்டங்களில் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவை 20 கிலோ வரை உயர்த்தினார்கள் என்பதை எழுதியிருந்தேன். அதே ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்ததையும், மலைகளில் கொழுந்து குன்றியதையும், 2021இல் சுமார் 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 250 மில்லியன் கிலோவாகச் சரிந்ததையும் எழுதியிருந்தேன். செடியில் கொழுந்து குறைந்த காலத்தில் தராசில் கேட்கும் கிலோவைக் கூட்டியதால்தான் உங்களுக்கு அரைப் பெயர், அதாவது அரை நாள் சம்பளம், விழத் தொடங்கியது என்பதே அந்தச் செய்தியின் உயிர். தண்ணீருக்கும் கூடைக்கும் என்று நிறுவையில் கழிக்கும் கிலோக்களைப் பற்றி நீங்கள் சொன்னதும் அதில் இருந்தது. இவை எதுவும் அச்சாகவில்லை. யாரோ காசு வாங்கிக்கொண்டு வெட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இடம் இல்லை என்பதுதான் காரணம். அந்தக் காரணம் எனக்கும் எரிச்சலைத் தருகிறது.

பத்திரிகை அச்சிடும் தாள் இந்த நாட்டுக்குக் கப்பலில் வருகிறது, அதற்கு டொலர் கொடுக்க வேண்டும். 2022இல் அரசாங்கத்திடமே டொலர் இல்லாமல் போய், ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தார்கள். அதற்கு முன்பே, மார்ச்சில், தாள் தட்டுப்பாட்டால் ஐலண்ட், திவயின ஆகிய இரண்டு நாளிதழ்களும் அச்சுப் பதிப்பை இடைநிறுத்துவதாக அறிவித்தன. மற்றப் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன, விலையைக் கூட்டின. பக்கம் குறையும்போது கொழும்பில் முதலில் சுருக்கப்படுவது பிராந்தியச் செய்திகள்தான். பாராளுமன்றத்தையும் கிரிக்கெட்டையும் யாரும் சுருக்குவதில்லை. விலை கூடியதும் எங்கள் நகரங்களின் முகவர்கள் எடுக்கும் பிரதிகளையும் குறைத்துக்கொண்டார்கள். முன்பு தோட்டக் கடைக்கு வந்துகொண்டிருந்த பத்திரிகை இப்போது வருவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். உங்களைப் பற்றிய செய்தி நாலு வரியில் வந்தும் உங்கள் கண்ணில் படாமல் போனது இப்படித்தான்.

அடுத்தது என் சம்பளம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். பிராந்திய நிருபர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பிரசுரமாகும் செய்திக்கும் படத்துக்கும் மட்டும் கொடுப்பனவு உண்டு. அனுப்பிய செய்தி வரவில்லை என்றால் அதற்காகச் செலவிட்ட பஸ் கட்டணமும் பொழுதும் நம்முடைய கணக்கில் போகும். உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 8 வீதமும் தோட்டம் 12 வீதமும் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்களில் பலருக்கு அந்தக் கணக்கே இல்லை. கழுத்தில் தொங்கும் ஊடக அடையாள அட்டையைப் பார்த்து வாடகை வீட்டின் சொந்தக்காரர் மரியாதை கொடுப்பார், தவணை கொடுக்க மாட்டார். அதனால் என் சக நிருபர்களில் ஒருவர் பிரத்தியேக வகுப்பு நடத்துகிறார், ஒருவர் காப்புறுதி முகவர், இன்னொருவர் கலியாண வீடுகளில் படம் எடுக்கிறார். நான் போட்டோ கொப்பி கடை வைத்திருக்கிறேன். பத்திரிகையைச் சுருக்கிய அதே தாள் விலை என் கடையிலும் ஒரு பக்கத்தின் விலையை ஏற்றியது என்பதை நினைத்து நானே சிரித்துக்கொள்வதுண்டு.

அந்தக் கடையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கு மேன்முறையீடு நிரப்ப வந்தவர்களிடமிருந்துதான், எந்தெந்தத் தோட்டத்தில் யார் யார் பட்டியலில் விடுபட்டார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது. முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் தோட்டத்தின் பெயரையும் தாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் பெயரையும் மாறி மாறிச் சொல்லும் முதியவர்களின் பேச்சில், எந்த அமைச்சரின் அறிக்கையிலும் இல்லாத செய்தி இருக்கிறது. காலையில் கடையைத் திறந்து, மத்தியானம் வரை பிரதி எடுத்து, பிறகு மனைவியிடம் கடையை ஒப்படைத்துவிட்டு வைத்தியசாலைக்கோ பொலிஸ் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ ஓடி, இருட்டுவதற்குள் செய்தியைக் கைபேசியில் தட்டி அனுப்புவதுதான் என் நாள்.

இப்போது நீங்கள் கேட்டதன் மையத்துக்கு வருகிறேன். துரை எனக்குக் காசு தரவில்லை, அக்கா. காசு தந்து வாயை அடைப்பது இந்தத் தொழிலில் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்தியைக் கெடுப்பது பெரும்பாலும் காசு அல்ல, வாகனம். 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. அந்த விலையிலும் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போய், அங்கிருந்து தோட்டத்தின் மேல்பிரிவு வரை ஏறித் திரும்பினால் அந்த 4 லீற்றரில் என்ன மிஞ்சும் என்பது இந்த ஏற்றத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் தொழிற்சங்கப் பிரமுகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "தோட்டத்துக்குப் போறோம், வாகனத்தில் இடமிருக்கு, வாங்க தம்பி" என்பார். அதில் ஏறுவதைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஏறாவிட்டால் அந்தத் தோட்டத்துக்குப் போகவே வழியில்லை.

ஆனால் அந்த வாகனத்தில் போகிற நிருபர் எங்கே இறங்குகிறார் என்று பாருங்கள். பிரமுகர் இறங்கும் இடத்தில் இறங்குகிறார். வேலைக்கு முன் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் பிரமுகர் பேசும்போது நிற்கிறார், பிரமுகர் கைகாட்டும் உடைந்த கூரையைப் படம் எடுக்கிறார். பிரமுகர் திரும்பும்போது தானும் திரும்புகிறார், ஏனென்றால் அடுத்த பஸ் மறுநாள் காலையில்தான். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று, யாருக்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு நேரமில்லை. அந்தப் பிரமுகரின் சங்கத்துக்கு மாதம்தோறும் உங்கள் சம்பளத்தில் சந்தா வெட்டப்படுகிறது. அரைப் பெயர் பற்றி அந்தச் சங்கம் தோட்ட நிர்வாகத்திடம் என்ன பேசியது என்று, வந்த வாகனத்திலேயே திரும்பிப் போக வேண்டியவர் எப்படிக் கேட்பார்? கேட்கக்கூடாது என்று யாரும் அவரை மிரட்டியிருக்க மாட்டார்கள். நன்றியுள்ள மனிதர் என்பதால் அவரே கேட்காமல் இருந்துவிடுவார். நெருக்கடிக் காலம் எங்கள் தொழிலுக்குச் செய்த பெரிய கேடு இதுதான் என்பது என் அபிப்பிராயம். பெற்றோல் விலை பிறகு இறங்கியது. வாகனத்தில் இடம் கேட்கும் பழக்கம் இறங்கவில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. நகரத்து விடுதியொன்றில் நடக்கும் ஊடகவியலாளர் சந்திப்புக்குப் போனால் பகல் சாப்பாடு உண்டு, அறிக்கை அச்சடித்தபடி கைக்கு வரும், படமும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஒரு சதம் செலவில்லாமல் இரண்டு செய்தி. உங்கள் தோட்டத்துச் செய்திக்கோ அரை நாளும் கைக்காசும் வேண்டும், அது வராமலும் போகலாம். மலையகப் பக்கங்களைத் திறந்தால் தலைவர்களின் அறிக்கைகள் வரிசையாக நிற்பதும் தொழிலாளியின் குரல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதும் ஏன் என்று நீங்கள் யோசித்திருந்தால், இந்தக் கணக்கையும் சேர்த்து யோசியுங்கள்.

கொழும்பிலிருந்து வான்கள் வருவதும் உண்டு. 2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்தபோது வந்தன. நம் முன்னோர் மலையகத்துக்கு வந்து 200 ஆண்டுகள் என்று 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தபோதும் வந்தன. மலை சரிந்தால் முதற்பக்கம், கிலோ சரிந்தால் அடிப்பக்கம் என்று ஒரு மூத்த நிருபர் சொல்வார். கசப்பான மனிதர், ஆனால் பொய் சொல்பவர் அல்ல.

தோட்டத்துக்குள் வந்து எழுதுவது முன்பும் எளிதாக இருக்கவில்லை. பத்திரிகையாளராக இருந்து 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேச ஐயர், துரைமாரின் கண்ணில் படாமல் உள்ளே போவதற்குத் துணி வியாபாரி போல வேடமிட்டார் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். இன்று வேடம் தேவையில்லை. அனுமதி கேட்டால் "முகாமையாளர் வெளியே போயிருக்கிறார்" என்ற பதில் கிடைக்கும், அவ்வளவுதான். உங்கள் செய்திக்காகத் தோட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன், எழுத்திலும் கேட்டேன். பதில் வரவில்லை. அந்தப் பக்கத்தின் பதில் இல்லாத செய்தியைக் கொழும்பில் உள்ளவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அவர்கள் பார்வையில் அது நியாயமும்கூட. வழக்கு வந்தால் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்.

உங்கள் பெயரையும் முகத்தையும் நான் அனுப்பவில்லை. "படம் எடுத்தீங்களே" என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: எடுத்த படத்தில் உங்கள் கையும் தராசும் மட்டும்தான் இருந்தன. பேசியவர் யார் என்று தெரிந்தால் மறுநாளே தூரத்து மலைக்கு அனுப்புவார்கள், அல்லது கொழுந்தில்லாத நிரையைக் கொடுப்பார்கள் என்று சொன்னது நீங்கள்தான். "அப்படியானால் பேஸ்புக்கில் நேரலை போடுவோம்" என்று உங்கள் லயத்துப் பையன்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதன் வேகத்தை நான் மதிக்கிறேன். சில செய்திகளை எங்களுக்கு முன்னால் அவர்கள்தான் சொல்கிறார்கள். ஆனால் நேரலையில் எல்லார் முகமும் விழும், பெயரும் விழும். 2024இல் வந்த நிகழ்நிலை காப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. பொய்யான கூற்று என்று யாராவது முறைப்பாடு செய்தால் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பையன்தான். ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.

ஆதாரம் என்றதும், உங்களிடம் நான் கேட்க நினைத்த காரியம் வருகிறது. சம்பளச் சீட்டை அடுப்பு மூட்டப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிலோ நிறுத்தார்கள், எத்தனை கழித்தார்கள், முழுப் பெயரா அரைப் பெயரா என்பதை மகளின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் காரணம் சொல்லாமல் அரசாங்க அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தெரிவிக்க வேண்டும். தோட்டக் கம்பனியிடம் கேட்பது வேறு கதை. ஆனால் உங்கள் தோட்டத்தின் சம்பளப் பதிவேடு கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது, அரைப் பெயர் பற்றி முறைப்பாடு ஏதும் வந்ததா, அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தொழில் திணைக்களத்திடம் கேட்கலாம். அந்தப் பதில் எழுத்தில் வந்தால் முகாமையாளர் வெளியே போயிருந்தாலும் செய்தி நிற்கும். அதற்கு யாருடைய வாகனமும் தேவையில்லை, தபால் முத்திரை போதும்.

விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கடையில் கூட்டம் குறைவு, அப்போது வாருங்கள். நீங்கள் மட்டும் வராமல் வேறு வேறு லயத்துப் பெண்கள் மூன்று நான்கு பேரையாவது சீட்டுகளோடு அழைத்து வாருங்கள். ஒருவரின் கணக்கை மட்டும் வைத்து எழுதினால் அது யாருடையது என்று தோட்ட அலுவலகத்துக்கு அன்றே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
ஹட்டன்