கடைசி 'நீ'யை விட்டுவிடாதே

அம்மாடி,

தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஸிலிருந்து நீ எழுதியதைப் படித்தேன். அங்கே பேசும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் வினைச்சொல் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒவ்வொரு இடத்தில் நிற்கிறது என்று புலம்பியிருக்கிறாய். அதே நாட்டில் ப்ளூம்ஃபொன்டைனில் ஆறு வருஷம் கணக்கெழுதிய காலத்தில் நானும் இதே புலம்பல்தான்.

வினைச்சொல்லைக் கண்டு பயப்படாதே. நான், நீ, அவன், அவர்கள், யார் வேலை செய்தாலும் 'வெர்க்' தான். செய்கிறேன், செய்கிறாய் என்று நாம் ஒட்டுகிற வால் எதுவும் கிடையாது. நடந்து முடிந்ததைச் சொல்ல 'ஹெட்' போட்டு, வினைக்கு முன்னால் 'கெ' சேர்த்தால் போதும்: எக் ஹெட் கெவெர்க், நான் வேலை செய்தேன். (அந்த 'கெ' தொண்டையை உரசிக்கொண்டு வர வேண்டும்.) 'பெ', 'ஃபெர்' என்று தொடங்கும் வினைக்கு அதுவும் வேண்டாம்.

வினை நிற்கும் இடம்தான் சூட்சுமம். சாதாரண வாக்கியத்தில் அதற்கு இரண்டாவது இடம். நேற்று என்று ஆரம்பித்தால், 'நான்' அதற்குப் பின்னால் போய்விடும்: கிஸ்டர் ஹெட் எக் ப்ரூட் கெகூப். நேற்று ரொட்டி வாங்கினேன். 'கெகூப்' கடைசியில் உட்கார்ந்திருப்பதைப் பார், நம் 'வாங்கினேன்' மாதிரியே! 'ஓம்டாட்' என்று காரணம் சொல்ல ஆரம்பித்தால் இருக்கிற ஒரே வினையும் கடைசிக்குப் போகும். 'எக் இஸ் மூக்' என்றால் களைப்பாக இருக்கிறேன். அதுவே 'ஓம்டாட் எக் மூக் இஸ்' ஆகிவிடும். நான் மனசுக்குள் 'களைப்பாக இருப்பதால்' என்று தமிழில் சொல்லிக்கொள்வேன்; வரிசை தானாக வந்துவிடும்.

என்னைப் படுத்தியது 'இல்லை'தான். ஆஃப்ரிகான்ஸில் அதற்கு 'நீ' என்றொரு சொல்; அது இரண்டு முறை வேண்டும்: எக் ப்ராட் நீ ஆஃப்ரிகான்ஸ் நீ. எனக்கு ஆஃப்ரிகான்ஸ் பேச வராது என்று ரொட்டிக்கடையில் ஒருநாள் சொல்லப்போய், முதல் 'நீ'யோடு விட்டுவிட்டேன். கடைக்கார அம்மாள் பையை நீட்டாமல், நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். அப்புறம் அவரே மெதுவாக "நீ" என்று முடித்துவைத்தார். என்னைத்தான் ஏதோ கேட்கிறார் என்று நான் விழித்தேன். 'எக் வேட் நீ', தெரியாது, என்கிற மாதிரிக் குட்டி வாக்கியத்துக்கு மட்டும் ஒன்றே போதும்.

சரி, பக்கத்திலேதானே பார்ல் ஊர் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் 1975-ல் திறந்த அந்த மொழி நினைவுச்சின்னத்துக்குப் போய்விட்டு வா. ஏறும் வழியில் 'டிட் இஸ் ஒன்ஸ் எர்ன்ஸ்', இதில் நமக்கு உண்மையான அக்கறை, என்று பொறித்திருக்கும். அதற்கு முன்னால் 'ஓம்டாட்' சேர்த்தால் என்ன ஆகும் என்று எனக்கு எழுது.

அப்பா