நல்கை அளித்தோருக்கும் கேள்வி கேட்டோருக்கும்

மதிப்பிற்குரிய அறக்கட்டளையினருக்கும், ஆய்வகத்துக்கு வந்து எங்களோடு பேசிய அனைவருக்கும் வணக்கம்.

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களிலிருந்து புதிய ஆன்டிபயாடிக்குகளைத் தேடும் எங்கள் பணிக்கு நீங்கள் அளித்த மூன்றாண்டு நல்கை இம்மாதத்தோடு நிறைவடைகிறது. கணக்கறிக்கையைத் தனியே அனுப்பிவிட்டோம். அதில் எழுத இடமில்லாதவற்றைச் சொல்லவே இம்மடல்.

முதலாண்டு முழுவதும் எங்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்தவை, 1943-இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற பழைய பொருள்களே. இடைக்கால அறிக்கையில் இதை மறைக்காமல் எழுதினோம். நீங்களும் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டாம் தவணையை உரிய நாளில் விடுவித்தீர்கள். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினை ஆராய்ந்த ஹோவர்ட் ஃப்ளோரியின் குழுவுக்கு ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஆண்டுக்கு 5,000 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு நிதி தர முன்வந்தபோது, பென்சிலின் இன்னும் மருந்தாகியிருக்கவில்லை. கிருமி செலுத்தப்பட்ட எட்டுச் சுண்டெலிகளில் பென்சிலின் பெற்ற நான்கு மட்டும் பிழைத்த சோதனை 1940 மே 25 அன்றுதான் தொடங்கியது. பலன் தெரியுமுன் தரப்படும் பணத்தின் அருமை, ஆய்வகத்தில் வெறுங்கையோடு நின்றவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நல்கையில் ஒரு பகுதியைப் பொதுமக்களுடன் உரையாடவே செலவிட வேண்டும் என்ற உங்கள் நிபந்தனையைத் தொடக்கத்தில் நாங்கள் சுமையாகவே கருதினோம். ஒரு மாலை, பெட்ரித் தட்டை விளக்குக்கு நேரே பிடித்து, பால்போல் படர்ந்திருந்த பாக்டீரியாப் படலத்தின் நடுவே, நாங்கள் பிரித்தெடுத்த பொருளைச் சுற்றித் தெளிந்திருந்த வட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தோம். முதிய அம்மையார் ஒருவர் குனிந்து வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இங்கே இருந்தவை செத்தே போய்விட்டனவா, இல்லை வளராமல் கிடக்கின்றனவா?" என்று கேட்டார். மறுநாள் அந்தத் தெளிந்த இடத்தைச் சுரண்டி, பாக்டீரியா வளர்க்கப் பயன்படும் கூழான அகாரில், மருந்து கலவாத புதிய தட்டில், தேய்த்து வைத்தோம். மூன்றாம் நாள் ஊசிமுனை அளவில் வெண்புள்ளிகள் முளைத்திருந்தன. மருந்துக்குத் தப்பிக் கிடக்கும் செல்களைப் பற்றி பாக்டீரியா ஆய்வாளர் ஜோசப் பிகர் 1944-இலேயே எழுதியிருக்கிறார், நாங்களும் படித்திருக்கிறோம்; ஆயினும் எங்கள் பொருளில் அதைச் சோதிப்பது திட்டத்தில் இருக்கவில்லை. இப்போது எங்கள் வேலையில் பாதி அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது.

கலன்களைக் கழுவி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்து எடுத்துத் தந்த ஆய்வக உதவியாளர்களின் ஊதியத்துக்கும் இந்நல்கையில் இடமளித்தீர்கள். கருவிக்குப் பணம் தந்துவிட்டு அதை இயக்கும் கையை மறந்துவிடும் நல்கைகள் உண்டு என்பதால், இதைத் தனியே குறிப்பிட விரும்புகிறோம்.

தோற்றுப்போன சோதனைகளின் பதிவேடுகள் உட்பட எங்கள் தரவுகள் அனைத்தையும் எவரும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைத்திருக்கிறோம். அந்த அம்மையாரின் பெயரைக் கேட்டுக்கொள்ளத் தவறிவிட்டோம். இம்மடல் அவர் பார்வைக்கு வந்தால், அன்புகூர்ந்து மீண்டும் ஒருமுறை ஆய்வகத்துக்கு வர வேண்டுகிறோம். அவருக்குக் காட்ட அந்தத் தட்டின் படங்களை எடுத்து வைத்திருக்கிறோம்.

நன்றியுடன்,
ஆய்வுக் குழுவினர்